ஆழம் தவறிய பெயர்

அத்தியாயம் 14

பாவ்சின்னுக்குக் கோபம் வந்தால் கத்த மாட்டாள், அளப்பாள். சைக்கிள் பாகம் செய்கிற கம்பெனியில் இருபத்தாறு வருஷம் தரப் பரிசோதனை மேஜையில் உட்கார்ந்தவள் வேறு எப்படி இருப்பாள்?

வியாழக்கிழமை காலை எட்டு மணி. அண்ணன் வீட்டுக் கீழ்த்தளத்தின் இரும்பு ஷட்டரைப் பாதி தூக்கிவிட்டு, கெட்டுப்போன மூன்றாவது பலகையை மடியில் வைத்துக்கொண்டு எழுத்து எழுத்தாக ஆழம் பார்த்துக்கொண்டிருந்தாள்.

முதல் சீன எழுத்து இரண்டு மில்லிமீட்டர். ஐந்தாவது வரை இரண்டே இரண்டு, மயிரிழை பிசகில்லை. ஆறாவது இரண்டே கால். எட்டாவது மூன்று. கடைசி இரண்டு எழுத்தும் யுவேதாவ் அக்காவின் பெயர். அங்கே செதுக்குகிற மெஷினின் பிட் நாலரை மில்லிமீட்டர் இறங்கி, கோடெல்லாம் ஒன்றோடொன்று சேர்ந்து, பெயரென்றே சொல்ல முடியாதபடி பள்ளமாகக் கிடந்தது.

அக்கா போன வருஷம் இதே வாரம் இறந்தாள். கல்யாணம் ஆகாதவள். அவர்களுடைய லை குடும்பம் மட்டுமல்ல, ஃபெங்யுவான் ஊரில் எந்தக் குடும்பமும் அப்படிப்பட்ட பெண்ணின் பெயரைப் பிறந்த வீட்டில் வைத்துக் கும்பிடும் மூத்தோர் பலகையில் ஏற்றியதில்லை. பதிமூன்று வயதில் குடைக் கம்பெனிக்கு வேலைக்குப் போய்த் தம்பி கோஷுனைத் தொழிற்பள்ளியில் படிக்க வைத்தாளே, அது கணக்கில் வராது. படுக்கையில் கிடந்த அப்பாவைப் பதினொரு வருஷம் குளிப்பாட்டிச் சோறூட்டினாளே, அதுவும் வராது. மூன்றாம் மாடியில் அந்தப் பலகை இருக்கும் மேடைக்கு முப்பது வருஷம் காலையும் மாலையும் ஊதுபத்தி ஏற்றியவள் அவள்தான். அவள் பெயரோ பக்கத்து ஊர்க் கோயிலில், முன்பின் தெரியாத பெண்களின் பெயர்களோடு அலமாரியில் அடுக்கியிருக்கிறது. இது எந்த ஊர் நியாயம்?

"மூத்தவங்க சரின்னா எனக்கென்ன ஆட்சேபம்" என்று அண்ணன் கோஷுன் மூத்தோரிடம் சம்மதம் கேட்கப் போடுகிற பிறைக் கட்டைகளை எடுத்ததையும், ஒன்று கவிழ்ந்து ஒன்று மல்லாந்து, அடுத்தடுத்து மூன்று தடவையும் சம்மதமே விழுந்ததையும் இரண்டு வாரம் முன்பு பார்த்தோம். அவர் முகம் போன போக்கையும் பார்த்தோம். அதற்கப்புறம் பலகைக் கடைக்காரர், கல்யாணமாகாத பெண்ணின் பெயரைச் செதுக்குவது எங்கள் வழக்கமில்லை என்று கையை விரித்தார். பாவ்சின் "நானே செதுக்கறேன்" என்றாள்.

அவளிடம் மெஷின் இருந்தது. ஓய்வு பெற்ற கையோடு வாங்கியது. பெயர்ப்பலகை, தேநீர்த் தட்டு என்று பொழுதுபோக்காகச் செதுக்கிக்கொண்டிருந்தாள். அவளுடைய ஐந்தாம் மாடி ஃப்ளாட்டில் சத்தம் தாங்காது என்று இங்கே அண்ணன் வீட்டுக் கீழ்த்தளத்தில் போட்டிருந்தாள்.

அண்ணனும் ஒரு நிபந்தனை போட்டார். அப்பா, அம்மா, அக்கா மூவர் பெயரும் ஒரே பலகையில் வரவேண்டும், ஓர் எழுத்தும் பிசகக் கூடாது. அக்கா இறந்து வருஷம் முடிகிற வெள்ளிக்கிழமை காலை ஏழிலிருந்து ஒன்பதுக்குள் மேடையில் ஏறவேண்டும். நேரம் தவறினால் அந்தப் பேச்சையே யாரும் எடுக்கக் கூடாது.

அந்த வெள்ளிக்கிழமை நாளைக்கு.

பலகைக்கு மரம், அக்காவின் கற்பூர மரப் பெட்டி. கல்யாணத்துக்கென்று அம்மா செய்து வைத்து, கல்யாணமே நடக்காததால் போர்வை வைக்கிற பெட்டியாகிப் போனது. அதன் மூடியிலிருந்து நான்கு பலகை தேறியது. மூன்று போய்விட்டன.

மாடிப்படியில் செருப்புச் சத்தம் கேட்டது. அண்ணன் தேநீர்க் குப்பியோடு இறங்கி வந்தார். நூல் ஆலையில் முப்பது வருஷம் மெஷின் பராமரிப்புப் பிரிவில் இருந்து இரண்டு வருஷம் முன்பு ஓய்வு பெற்றவர். பலகை செதுக்கத் தொடங்கிய இந்த நாலு நாளில் ஒரு தடவைகூட ஸ்க்ரூ டிரைவரைத் தொடவில்லை.

"மூணாவதா?"

"மூணாவது."

"எங்க போச்சு?"

"தெரிஞ்சுகிட்டே கேக்கறீங்க."

அவர் குனிந்து பலகையைப் பார்த்தார். "அவ பேர்லதான். மூணு பலகைலயும் அவ பேர்லதான். அப்பா பேர்ல ஒரு கீறல் இல்ல, அம்மா பேர்ல இல்ல. மூத்தவங்க வேற எப்படிச் சொல்லுவாங்க, தபால்ல எழுதிப் போடுவாங்களா?"

"அவங்க சொல்ல வேண்டியதைக் கட்டைல சொல்லிட்டாங்க. மூணு தடவை. இது மெஷினோட கோளாறு."

"மெஷின் வாயாலயும் சொல்லுவாங்க."

"அப்ப நூல் ஆலைல நூல் அறுந்தப்பல்லாம் யாரு அறுத்தாங்கன்னு நினைச்சீங்க, நம்ம தாத்தாவா?"

அவர் தேநீரை உறிஞ்சிக்கொண்டே வெளியே போனார். பாவ்சின்னுக்குக் காது வரைக்கும் எரிந்தது. செத்தவளைத் திட்டுவதற்கு இவருக்கு ஒரு மெஷின் கிடைத்துவிட்டது.

அவள் எழுந்து திருகு இறுக்குகிற ஆலன் கீயை எடுத்தாள். மேலும் கீழும் போகிற அச்சுதான் தவறுகிறது, அதில் சந்தேகமில்லை. எழுத்துகள் அகலத்திலும் இடத்திலும் துல்லியமாக இருந்தன, ஆழம் மட்டும்தான் போயிருந்தது. மோட்டாரையும் ஸ்க்ரூத் தண்டையும் இணைக்கிற கப்ளிங்கில் திருகு தளர்ந்திருக்கிறதா என்று பார்த்தாள். இறுக்கமாக இருந்தது. தண்டில் மரத்தூள் அடைத்திருக்கிறதா என்று பல் தேய்க்கிற பிரஷ்ஷால் துடைத்தாள். சுத்தமாக இருந்தது. பிட் பிடியிலிருந்து நழுவுகிறதோ என்று நேற்றே மார்க்கர் பேனாவால் அதன் கழுத்தில் கோடு போட்டிருந்தாள். கோடு போட்ட இடத்திலேயே இருந்தது.

பிறகு ஆழம் அளக்கிற டயல் கேஜை வைத்து மோட்டாரை இருபது தடவை ஏற்றி இறக்கினாள். இருபது தடவையும் முள் அதே இடத்தில் வந்து நின்றது.

அதுதான் அவளுக்குப் பொறுக்கவில்லை. பரிசோதனை என்றால் யோக்கியனாக நிற்கிறது, அக்கா பெயர் வந்தால் பள்ளத்தில் விழுகிறது. இதைப் பார்த்தால் அண்ணன் சொல்வதை யார்தான் நம்ப மாட்டார்கள்?

"சாப்பிட்டியா?" என்று கேட்டுக்கொண்டே அண்ணி சியூஜின் சோயாப் பாலும் வெங்காயத்தாள் ரொட்டியும் கொண்டு வந்தாள். அக்குளில் ஒரு பச்சைப் பாக்கெட்.

தேங்காய் வாசனையுள்ள சோளப்பொரிப் பாக்கெட்தான். மெஷின் இருக்கிற இடத்தில் அது இல்லாமல் இருக்காது. ஆஸ்பத்திரியானாலும் ஆலையானாலும் மெஷின் மேல் ஒன்று உட்கார்ந்திருக்கும், மெஷின் சொன்னபடி கேட்கட்டும் என்று. பச்சைதான் வைக்கவேண்டும், மஞ்சளும் சிவப்பும் உதவாது. தேதி தாண்டியதை வைத்தால் மெஷின் முறுக்கிக்கொள்ளும். அதைப் பிரித்துத் தின்கிறவனை மேஸ்திரி சும்மா விடமாட்டார்.

அண்ணி பாக்கெட்டைத் திருப்பித் தேதியைக் காட்டினாள். "அடுத்த வருஷம் வரைக்கும் நல்லாருக்கும். பாரு, எழுதியும் இருக்கேன்." மார்க்கர் பேனாவில், 'சமர்த்தா இரு, அண்ணி பேரைச் சரியா எழுது' என்று இருந்தது. யுவேதாவ் அவளுக்கு நாத்தனார் முறை. ஆனாலும் புருஷனுக்கு மூத்தவள் என்பதால் முப்பத்தைந்து வருஷமாக அண்ணி என்றே கூப்பிட்டாள்.

"வைங்க அண்ணி. வைக்கிறதுல என்ன" என்றாள் பாவ்சின்.

மெஷினை இயக்குகிற கண்ட்ரோல் பாக்ஸின் மேல், ஏற்கெனவே இருந்த மூன்றோடு நான்காவதும் ஏறியது.

ரொட்டியைக் கடித்தபடியே மூன்று பலகையையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தாள். ஒன்று கண்ணில் பட்டது. முதல் பலகையில் தவறு தொடங்கியது ஒன்பதாவது எழுத்தில். இரண்டாவதில் எட்டாவது. மூன்றாவதில் ஆறாவது. அக்காவின் பெயருக்கு முன்னால் இருக்கிற 'மூத்த மகள்' என்கிற எழுத்துகளிலேயே ஆரம்பித்துவிட்டது. எழுத்துக்கு எழுத்து மூன்று நிமிஷம் ஆகும். அப்படியென்றால் இது பெயரைப் பார்த்து வருகிற கோளாறில்லை. நேரத்தைப் பார்த்து வருகிறது.

அவள் ரொட்டியை அப்படியே வைத்துவிட்டுக் கம்ப்யூட்டர் முன் உட்கார்ந்தாள். எழுத்துகள் அதே இடத்தில்தான், வெட்டுகிற வரிசையை மட்டும் தலைகீழாக்கினாள். அக்கா பெயர் முதலில், அப்பா பெயர் கடைசியில். ஒரு ஒட்டுப்பலகைத் துண்டை மாட்டி மெஷினைப் போட்டாள்.

அரைமணி நேரம் மெஷின் கத்தியது. அவள் நாற்காலியை விட்டு எழவே இல்லை. நின்றதும் தூளை ஊதிவிட்டு அளந்தாள். பிறகு வாசலுக்குப் போய், எதிர்வீட்டுக்காரரோடு பேசிக்கொண்டிருந்த அண்ணனைப் பார்த்து, "ஒரு நிமிஷம் உள்ள வாங்க" என்றாள்.

அவர் வந்தார். அவள் துண்டை அவர் கையில் கொடுத்தாள்.

"இதுல அக்கா பேரைப் பாருங்க."

அவர் பார்த்தார். யுவேதாவ் என்கிற இரண்டு எழுத்தும் கடையில் செதுக்கினாற்போல் நின்றன.

"இப்ப மேல பாருங்க. அப்பா பேரு."

அப்பாவின் பெயர் பள்ளமாக இருந்தது. 'லை' என்கிற குடும்பப் பெயரே கிழிந்து ஒட்டுப்பலகையின் அடி அடுக்கு தெரிந்தது.

"மூத்தவங்க இன்னிக்கு அப்பாவை வேணாம்னு சொல்றாங்க" என்றாள் பாவ்சின். "சொல்லுங்க அண்ணா. அப்பாவை எந்தக் கோயில் அலமாரிக்கு அனுப்பலாம்?"

"வாயை அடக்கிப் பேசு."

"ஏன் அடக்கணும்? நாலு நாளா நீங்க அடக்கினீங்களா? அவ பேரு கெட்டா தெய்வ வாக்கு. அப்பா பேரு கெட்டா மெஷின் கோளாறு. அப்படித்தானே?"

அண்ணனின் தாடை அசைந்தது. அந்த நேரம் பார்த்துத் தெருமுனையில் குப்பை லாரியின் பாட்டு கேட்டது. அவர் துண்டை மேஜையில் போட்டுவிட்டு, மூலையில் கட்டி வைத்திருந்த குப்பைப் பையைத் தூக்கிக்கொண்டு, இதற்காகவே பிறந்தவர் மாதிரி ஓடினார். இந்த வீட்டில் முப்பத்தைந்து வருஷமாகக் குப்பை கொட்டியது அண்ணிதான்.

"இவருக்கு இன்னிக்கு என்ன வந்துச்சு?" என்றாள் அண்ணி.

பாவ்சின் காதில் அது விழவில்லை. நேரம் போகப்போகக் கெடுகிறது என்றால், நேரத்தோடு ஏறுவது சூடுதான். மோட்டாரைத் தொட்டாள். இளஞ்சூடு. ஸ்க்ரூத் தண்டு குளிர்ச்சியாக இருந்தது. நான்கு பாக்கெட்டுக்கு அடியில் இருக்கிற கண்ட்ரோல் பாக்ஸில் உள்ளங்கையை வைத்தவள் வெடுக்கென்று கையை எடுத்துக்கொண்டாள். சோறு வெந்து இறக்கிய குக்கர் மூடி மாதிரி கொதித்தது.

பாக்ஸின் மேல்பக்கம் முழுக்கக் காற்றுத் துளைகள். அதன்மேல்தான் நான்கு பாக்கெட்டும் மெத்தை போட்டாற்போல் உட்கார்ந்திருந்தன.

"அண்ணி" என்றாள் பாவ்சின் மெதுவாக. "இது மூச்சு விடற இடம்."

அண்ணி பாக்கெட்டுகளையும் பாக்ஸையும் மாறி மாறிப் பார்த்தாள். "நானா? நானா அவ பேரைக் கெடுத்தேன்?"

உள்ளே சூடு ஏறும்போது பாக்ஸ் தன்னைக் காப்பாற்றிக்கொள்ள மோட்டார்களுக்குக் கண்ணிமைக்கிற நேரம் மின்சாரத்தை நிறுத்திவிடும். இடமும் வலமும் போகிற மோட்டார்கள் அப்போது சும்மா நிற்கும், ஒன்றும் ஆகாது. மேலும் கீழும் போகிறது மட்டும் கனமான வெட்டும் மோட்டாரைத் தூக்கிப் பிடித்துக்கொண்டிருக்கிறது. அது பிடியை விட்டால் எடை கொஞ்சம் இறங்கும். ஒவ்வொரு தடவையும் கொஞ்சம். ஒவ்வொரு பலகை கெட்டதும் அண்ணி ஒரு பாக்கெட் கூட்டினாள், பாக்ஸ் இன்னும் சீக்கிரம் கொதித்தது. பாவ்சின் இதையெல்லாம் சொன்னாள். அண்ணி முந்தானை மாதிரி ஏப்ரனை வாயில் வைத்துக்கொண்டு அழுதுவிட்டாள்.

"அழாதீங்க. நல்லதுக்குத்தானே வச்சீங்க."

"முதல் பலகைக்கு ஒண்ணுதான் வச்சேன். ஒண்ணுக்கே இவ்ளோ சூடாகுமா?"

நியாயமான கேள்வி. ஒரு பாக்கெட் பாதித் துளையைக்கூட மூடாது. பக்கவாட்டில் விசிறி வேறு இருக்கிறது. பாவ்சின் குனிந்து பாக்ஸுக்கும் சுவருக்கும் நடுவே கையை விட்டாள். விசிறி வாயில் ஏதோ மொடமொடவென்று இருந்தது. இழுத்தாள்.

இன்னொரு பாக்கெட். பச்சை வெளுத்துப்போய், ஓரமெல்லாம் மடங்கி, விசிறி வாய்க்கு அளவெடுத்துத் திணித்தாற்போல் தட்டையாக இருந்தது. தேதி போன வருஷத்தோடு முடிந்திருந்தது.

"இது நான் வச்சதில்ல" என்றாள் அண்ணி. கண்ணைத் துடைத்துக்கொண்டு கையில் வாங்கித் திருப்பினாள். பின்பக்கம் ஏழெட்டுப் பேர் கையெழுத்து. நடுவில் 'கோஷுன் அண்ணனுக்கு, இனி நீங்களும் ஓய்வெடுங்க, பராமரிப்புப் பிரிவு' என்று எழுதியிருந்தது.

அண்ணி பாக்கெட்டை மேஜையில் வைத்தாள்.

"அவரோட டூல் பெட்டிக்குள்ள இருந்துச்சு" என்றாள் அண்ணி. "ரெண்டு வருஷமா நானே தூசி தட்டி வச்சிருக்கேன்."

பாவ்சின் அதட்டிப் பேசுவதற்கு ஆள் இல்லாததால் வேலையைப் பிடித்துக்கொண்டாள். மேலே இருந்த பாக்கெட்டுகளை எடுத்துவிட்டு, பாக்ஸைச் சுவரிலிருந்து ஒரு முழம் நகர்த்தினாள். மேஜை விசிறியை அதன் பக்கம் திருப்பி வைத்தாள். ஒரு மணி நேரம் ஆறவிட்டாள். பிறகு வெட்டுகிற வரிசையைப் பழையபடி மாற்றி இன்னொரு ஒட்டுப்பலகைத் துண்டில் ஓட்டிப் பார்த்தாள். பத்து எழுத்தும் இரண்டு மில்லிமீட்டர். அப்புறம்தான் நான்காவது பலகையை எடுத்து மாட்டினாள். கற்பூர வாசனை வந்தது, அக்காவின் போர்வைகளில் வருமே, அதே வாசனை.

பிட் மூன்றாவது எழுத்தில் இருக்கும்போது அண்ணன் திரும்பி வந்தார். குப்பை கொட்டப் போனவர் இரண்டு மணி நேரம் கழித்து வருகிறார். மேஜையில் தன் பாக்கெட் கிடப்பதைப் பார்த்தார். அப்புறம் மெஷினைப் பார்த்தார். மெஷினின் ப்ளக்கை மறைத்துக்கொண்டு சுவரை ஒட்டி அண்ணி ஸ்டூல் போட்டு உட்கார்ந்திருந்தாள்.

"எந்திரி. அந்தப் பக்கம் போகணும்" என்றார்.

"சுத்திப் போங்க" என்றாள் அண்ணி.

அவர் போகவில்லை, நின்றார். நான்காவது எழுத்து, ஐந்தாவது, ஆறாவது. பாவ்சின் பாக்ஸில் கையை வைத்துக்கொண்டே இருந்தாள். எட்டாவது. அக்காவின் பெயரில் முதல் கோடு இறங்கியது. கடைசிக் கோடு முடிந்து மோட்டார் மேலே ஏறி நின்றது.

பாவ்சின் தூளைப் பிரஷ்ஷால் தள்ளிவிட்டு ஒவ்வொன்றாக அளந்து சத்தமாகச் சொன்னாள். "ரெண்டு. ரெண்டு. ரெண்டு." பத்து தடவை சொன்னாள்.

பிறகு அந்த வெளுத்த பாக்கெட்டை எடுத்து அண்ணன் முன்னால் நீட்டினாள்.

"நல்லதுக்குத்தான் வச்சேன்" என்றார் அவர்.

"முப்பது வருஷம் பராமரிப்பு பார்த்தவரு, விசிறி வாயில வச்சீங்க. அதுவும் தேதி முடிஞ்சதை. மெஷினை நம்பறவங்களுக்கு ஒரு வழி, சாமியை நம்பறவங்களுக்கு ஒரு வழி. ரெண்டு வழியையும் அடைச்சிருக்கீங்க."

அவர் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். குரல் சன்னமாக வந்தது. "மூணு தடவையும் சரின்னே விழுந்துச்சு. நான் என்ன செய்யறது? நாளைக்குச் சித்தப்பா வருவாரு, அவர் பசங்க வருவாங்க. கட்டிக் குடுக்க வக்கில்லாம வீட்டுலயே வச்சிருந்தான்னு பலகைல எழுதி வச்ச மாதிரி இருக்குமே."

"ஆமா, உங்களாலதான் கட்டிக் குடுக்க முடியல" என்றாள் பாவ்சின். "அவ சம்பளத்துல நீங்க படிச்சீங்க. அவ கையால அப்பா குளிச்சாரு. கேட்டு வந்தவங்களையெல்லாம் இப்ப முடியாதுன்னு திருப்பி அனுப்பினது யாரு? வெக்கம் உங்களுது. அதை எதுக்கு அவ தலைல வைக்கறீங்க?"

அவர் முகத்தைத் துடைத்துக்கொண்டார். எழுந்தார். "எதுக்கும் நாளைக்குப் பலகையை வைக்கறதுக்கு முன்னாடி இன்னொரு தடவை கேக்கணும். எல்லார் முன்னாடியும். அதுதான் முறை."

பாவ்சின் வாயைத் திறப்பதற்குள் அண்ணி ஸ்டூலை விட்டு எழுந்து மாடிப்படி ஏறினாள். அவள் மூன்றாம் மாடி வரை ஏறுவது கேட்டது, இறங்குவதும் கேட்டது. வந்தபோது கையில் பிறைக் கட்டைகள் இரண்டும் இருந்தன.

"கேக்கலாம்" என்றாள் புருஷனிடம். "ஆனா நான் போடறேன்."

"நீயா?"

"நான்தான். லை வீட்டுக்கு மருமகளா வந்த அன்னிக்கே அந்தப் பலகைல எனக்கு ஒரு இடம் எழுதியாச்சு. நான் உங்க அப்பாவை ஒருநாள் குளிப்பாட்டினதில்ல. என்னால முடியாதுன்னு அவதான் செஞ்சா. எனக்கு இடம் இருக்கு, அவளுக்கு இல்ல. இத்தனை வருஷம் இது எனக்கு உறைக்கவே இல்ல பாருங்க, அதுக்கு என்னைச் செருப்பால அடிக்கணும்." கட்டைகளை ஏப்ரன் பைக்குள் போட்டுக்கொண்டாள். "நாளைக்கு வேணாம்னு விழட்டும். இல்ல, நீங்களே வேணாம்னு சொல்லுங்க. அப்ப நான் செத்தா என் பேரும் அங்க ஏறக் கூடாது."

பிறகு திரும்பினாள்.

"பாவ்சின், அந்தக் கோயில் அலமாரில அவ பக்கத்து இடம் காலியா இருக்கான்னு கேட்டு வை. எனக்கு வேணும்."

பையில் கட்டைகள் ஒன்றோடொன்று இடிபடுகிற சத்தத்தோடு அண்ணி அடுப்படிக்குப் போய்ச் சோற்றுக்கு அரிசி களைய ஆரம்பித்தாள்.